வலப்பக்கம் கேட்ட தூதர்கள்

மூன்ஸ்டர் நகரில் ஹெட்விக் ப்ரூனிங் வீட்டு மாடிப்படிச் சுவரில் படம் அச்சிட்ட ஓர் அலுமினியத் தகடு மாட்டியிருந்தது. ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் படத்தில் சமாதான உடன்படிக்கைக்காகக் கூடியிருந்த தூதர்கள் அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள். மேசையும் மெழுகுவர்த்திகளும் விரித்து வைத்த ஒப்பந்தமும் தகட்டிலேயே இருந்தன. பாதிப்பேர் மேலே ஹெட்விக்கின் சமையலறைக்கும், மீதிப்பேர் கீழே அவள் தம்பி லுட்கரின் சமையலறைக்கும் குடிபோனார்கள். ஆளுக்கு ஒரு சாண் உயரம், உடம்பு முழுக்க மெல்லிய சாம்பல் கோடுகள். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்னொரு காலத்தில் முப்பதாண்டுப் போரை முடிக்க வந்த அசல் தூதர்கள், வாசலில் யார் முதலில் நுழைவது என்று சண்டை போட்டபடி இங்கே ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். விருந்தாளிகளைக் கண்டு அதிர்வதை ஊர் அப்போதே விட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு கவலைதான்: குப்பையை அவர்கள் எந்தத் தொட்டியில் போடுவார்கள்?

அக்காளும் தம்பியும் பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பாவின் சவ ஊர்வலத்தில் பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாக நடக்க வேண்டியவள் மூத்தவளான ஹெட்விக். லுட்கர் அரை அடி முன்னால் நடந்துவிட்டான். மழைக்காக ஒரு குடைக்குள் ஒதுங்கினேன் என்றான் அவன். அன்றைக்கு அங்கே குடையே இல்லை என்றாள் அவள். அதன் பிறகும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், ஒரே கடையில்தான் வேலை பார்த்தார்கள். அவன் படங்களுக்குச் சட்டமும் முகம் பார்க்கும் கண்ணாடிகளும் செய்தான். அவள் பழைய செதுக்கோவியங்களைத் தகட்டில் அச்சிட்டு விற்றாள். அதிகம் போனது சமாதான உடன்படிக்கைப் படங்கள்தான்; வாங்கியவர்கள் பெரும்பாலும் விவாகரத்து வழக்கறிஞர்கள்.

ஹெட்விக்கின் ஒரே மகள் யூலேவுக்குச் செப்டம்பரில் கல்யாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. மாமனும் சேர்ந்துதான் வளர்த்தான். விருந்தில் மணப்பெண்ணின் வலப்பக்க நாற்காலி தனக்குத்தான் என்று இருவரும் தனித்தனியே வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அம்மா, மாமாகிட்ட சொன்னதத்தான் உன்கிட்டயும் சொல்றேன்," என்றாள் யூலே. "ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காரலன்னா நான் டென்மார்க் போய்ப் பதிவு பண்ணிக்குவேன். ஃபோட்டோ அனுப்புறேன், பாத்துக்கோங்க."

மகளின் கல்யாணத்தை ஃபோட்டோவில் பார்ப்பதை நினைத்து ஹெட்விக் அழுதாள். அழுது முடித்த பிறகும் வலப்பக்கத்தை விட்டுத்தர மனம் வரவில்லை. இவர்களுக்குப் புத்தி வரட்டும் என்றுதான், இரு குடித்தனத்துக்கும் பொதுவான படிச் சுவருக்கு ஓர் உடன்படிக்கைத் தகடு வேண்டும் என்று யூலே கேட்டாள்.

தகட்டில் படம் ஏறும் விதம் அழகானது. முதலில் படத்தை ஒரு தாளில் இடவலம் மாற்றி அச்சிட வேண்டும். தாளைக் கவிழ்த்து, வெள்ளைப் பூச்சுள்ள தகட்டின் மேல் வைத்து, சூடான அழுத்தியில் நெரிக்க வேண்டும். அந்தச் சூட்டில் மை உருகாது. ஆவியாகிப் பூச்சுக்குள் புகுந்துகொள்ளும். இடம் வலமாகி, வலம் இடமாகி, படம் நேராகிவிடும். அந்தக் காலத்தில் செம்பில் செதுக்கியவர்களும் இப்படி மாற்றித்தான் செதுக்கினார்கள். ஹெட்விக் இதை ஆயிரம் முறை செய்தவள். அன்று காலை லுட்கரின் சைக்கிள் அவள் சைக்கிளுக்கு முன்னால் நிறுத்தப்பட்டிருந்தது. அந்தக் கோபத்தில், படத்தை மாற்றாமல் நேராகவே தாளில் அச்சிட்டுவிட்டாள். தகட்டில் எல்லாம் புரண்டது. ஒப்பந்தத்துக்கு வலப்பக்கம், அதாவது மரியாதைக்குரிய பக்கம், இருந்த கட்சி இடப்பக்கம் போனது. சத்தியம் செய்ய உயர்ந்த வலக்கைகளெல்லாம் இடக்கைகளாயின. மரியாதை இழந்த கட்சி எழுந்து மேலே போனது. மரியாதை பெற்ற கட்சி, எதிரே ஆளில்லாமல் யாரோடு சமாதானம் செய்வது என்று கீழே போனது.

புதுத் தகடு அச்சிட்டுப் பார்த்தாள். கணினியிலிருந்தும் எழுந்து போயிருந்தார்கள்; தகட்டில் காலி நாற்காலிகள்தான் விழுந்தன. கோடைக்காலம் முழுக்கத் தூதர்கள் தங்கினார்கள். கீழே என்ன பரிமாறினார்கள் என்று தெரியாமல் மேலே இருப்பவர்கள் ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள்.

"மாமா வீட்டுல கறுப்பு ரொட்டியும் பன்றிக்கறி ஹாமும்," என்று படியேறி வந்து யூலே அறிவிப்பாள். "ஹாம் இதே கனம்தான், நான் அளந்துட்டேன். சாப்பிட்டுத் தொலைங்க."

இடப்பக்கம் உட்காருவதைவிடப் போரே மேல் என்று மேல்வீட்டுத் தூதர்கள் சொன்னபோது ஹெட்விக் தலையாட்டினாள். அவளுக்கு அது நியாயமாகவே பட்டது.

ஆகஸ்டில், யூலே கல்யாண உடையைப் போட்டுப் பார்ப்பதற்கென்று லுட்கர் ஆளுயரக் கண்ணாடி ஒன்று செய்து பரணறைக்குத் தூக்கிப் போனான். உதவி கேட்பது அவன் வழக்கமில்லை. தகடு மாட்டிய சுவருக்கு எதிரே, படி திரும்பும் இடத்தில், கண்ணாடியோடு மாட்டிக்கொண்டான். கை நழுவத் தொடங்கியது.

"அக்கா! ஏய், அக்கா! ஒரு பக்கம் பிடி, விழப்போகுது!"

ஹெட்விக் ஓடி வந்து பிடித்தாள். "ஒம்பது வருஷம் கழிச்சு இதுக்குத்தான் வாய் திறந்துச்சா?"

"அப்புறம் திட்டு. மொதல்ல தூக்கு."

"இருடா, அசையாத," என்றாள் அவள்.

சத்தம் கேட்டு இரு கட்சித் தூதர்களும் படிக்கு வந்திருந்தார்கள். எதிர்ச் சுவர்த் தகடு கண்ணாடிக்குள் தெரிந்தது, எல்லாம் நேராக. மேல்வீட்டுக் கட்சி கண்ணாடிக்குள் பார்த்தது: அங்கே வலப்பக்கம் அவர்களுடையது. கீழ்வீட்டுக் கட்சி தகட்டைப் பார்த்தது: இங்கே வலப்பக்கம் இவர்களுடையது. இருபுறமிருந்தும் ஒரே நேரத்தில் தகட்டுக்குள் ஏறி உட்கார்ந்து, சத்தியம் செய்யக் கையை உயர்த்தினார்கள். கண்ணாடியைத் தாங்கியபடி அக்காளும் தம்பியும் வெகுநேரம் நின்றார்கள்.

"விருந்துக்கு இதைவிடப் பெருசா ஒண்ணு வேணும்," என்றாள் ஹெட்விக்.

"சுவரளவுக்குச் செஞ்சுடலாம்," என்றான் லுட்கர்.

செப்டம்பரில் கல்யாணம் மூன்ஸ்டரிலேயே நடந்தது. மணமக்கள் மேசைக்கு எதிரே சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி நின்றது. யூலேவின் வலப்பக்கம் ஹெட்விக் உட்கார்ந்தாள்; கண்ணாடிக்குள் தெரிந்த யூலேவின் வலப்பக்கம் லுட்கர் உட்கார்ந்தான். இருவரும் மற்றவரைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். சமாதானம் ஆகிவிட்டதாக இருவரும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. படித்திருப்பத்தில் கண்ணாடி அப்படியே இருக்கிறது. யூலேவுக்கு லுட்கர் வேறொன்று செய்து கொடுத்தான். துடைப்பதற்காகப் படித்திருப்பத்துக் கண்ணாடியைக் கழற்றும் சனிக்கிழமைகளில் தூதர்கள் இறங்கி, பாதி மேலேயும் பாதி கீழேயும் போய், காபிக்குக் காத்திருக்கிறார்கள். இரு வீட்டிலும் கேக் ஒரே கனத்தில் வெட்டப்படுகிறது.