ஆம்டால் மேட்டில் ஒரு கோணல்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒருவனுடைய யோக்கியதையை அறிய யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஜூன் மாதம் மக்காச்சோளம் ஒரு சாண் முளைத்ததும் அவன் வயலோரம் காரை மெதுவாக ஓட்டிப் போனால் போதும். வரிசை நூல் பிடித்ததுபோல் இருந்தால் அவன் மனிதன். கோணலாக இருந்தால் அறுவடை வரை ஊர் வாய்க்கு அவன்தான் அவல். ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் இதற்கென்றே காரை எடுப்பார்கள். கேட்டால் காற்று வாங்கப் போகிறோம் என்பார்கள்.

அந்த ஞாயிறு, ரக்னா ட்வெட் விதைத்த மேட்டு வயலுக்கு முன்னால் ஏழு கார்கள் நின்றே விட்டன.

ரக்னாவை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வட்டார வாரப் பத்திரிகையில் வியாழன்தோறும் நாலு வரிக் கவிதை எழுதுகிறவள். பனியில் ஈன்ற பன்றி, வேலிக்கம்பி மேல் பாடும் குருவி, காயும் வைக்கோலின் வாசனை, எதையும் விடமாட்டாள். பெண்கள் அவற்றை வெட்டி அடுக்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தார்கள். ஆனால் கவிதை வேறு, விதைப்பு வேறு. பிப்ரவரியில் அவள் கணவன் ஹால்வர் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். இனி டிராக்டரில் உட்காரவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். நிலமோ குத்தகைக்கு விட்ட ஆம்டாலுடையது. "இந்த ஒரு வருஷம் நீங்க விதைங்க, பாக்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார் அவர். பார்த்துப் பிடிக்காமல் போனால் குத்தகை முடிகிற அடுத்த மார்ச் முதல் தேதி மூட்டை கட்ட வேண்டியதுதான். பத்தொன்பது வருஷம் உழைத்த மண்.

மே மாதம் அந்த மேட்டில் முதல் ஆறு சுற்றும் ரக்னா அம்புபோல்தான் ஓட்டினாள். ஏழாவது சுற்றில், சக்கரத்துக்கு முன்னால், தரையில் முட்டையிடும் கில்டீர் பறவை ஒன்று சிறகு ஒடிந்ததுபோல் நொண்டிக்கொண்டு கத்தியது. அது நடிப்பென்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பக்கத்தில் கூடு இருக்கிறது என்று அர்த்தம். கூழாங்கற்களுக்கு நடுவே புள்ளி போட்ட நாலு முட்டைகளைக் கண் பார்ப்பதற்குள் கை ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டது.

விதைப்பு இயந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த சுற்றுக்கான கோட்டை மண்ணில் கீறிக்கொண்டே போகும். ஒரு கோடு வளைந்தால் பின்னால் வருகிற அத்தனையும் வளையும். அதற்குப் பிறகு ஓட்டிய பதினோரு சுற்றிலும் அதே வளைவு. ஒரு பெரிய பாம்பு வளைந்து படுத்திருக்கிற மாதிரி, சாலையிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்வில் காரைவிட்டு இறங்காமலே கேட்டார்.

"என்ன ரக்னா, டிராக்டர்லயே தூங்கிட்டியா? இல்ல, கவிதை யோசிச்சியா?"

"ரெண்டும் இல்ல. உங்க வீட்டு காப்பியக் குடிச்சுட்டு ஓட்டினேன், தலை சுத்திருச்சு."

கார்களில் சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தும்வரைதான் அந்தச் சிரிப்பு.

"கோடு கீறுற தகடு வளைஞ்சு போச்சுன்னு சொல்லிடு," என்றான் ஹால்வர், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தபடி. "எவன் வந்து பாக்கப் போறான்?"

"நான் பாத்தேனே. தகடு நல்லாத்தான் இருக்கு."

"ஆம்டால் கேட்டா?"

"கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

திங்களன்று காலையில் நாலு வரி எழுதி அனுப்பினாள். வியாழன் பத்திரிகையில் வந்தது:

கோடு கோணல் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும்;
கூழாங்கல் நடுவிலே நாலு முட்டை கிடந்தது.
ஒதுங்கிப் போனவள் நான்தான், சாக்கு ஒன்றுமில்லை;
வளைந்த வரிசையிலும் சோளம் நேராய்த்தான் நிற்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஆம்டால் வந்து இறங்கினார். நேரே வளைவு இருந்த இடத்துக்குப் போய் முழங்காலிட்டார். பேனாக்கத்தியால் மண்ணைக் கிளறி விதை எத்தனை ஆழத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தார். செடிக்குச் செடி இடைவெளியைச் சாணால் அளந்தார். ரக்னா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"முட்டைக்காக வளைச்சீங்க, சரி. அடுத்த சுத்துலயே ஏன் நேராக்கல?"

"நேராக்கினா நடுவுல ஆப்பு மாதிரி வெத்து நிலம் விழும். களைக்கு விருந்து வைக்கவா நான் விதைச்சேன்? வளைவு கண்ணுக்குத்தான் உறுத்தும், களஞ்சியத்துக்கு உறுத்தாது."

அவர் கத்தியை மடக்கினார். "மெஷின் மேல பழியப் போட்டிருக்கலாமே?"

"மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு?"

ஆம்டால் முதல்முறையாகச் சிரித்தார். "நாப்பது வருஷமா குத்தகைக்காரங்க என்கிட்ட ஆலங்கட்டியச் சொல்லிருக்காங்க, புழுவச் சொல்லிருக்காங்க, பொண்டாட்டியக்கூடச் சொல்லிருக்காங்க. தன் தப்பைத் தானே அச்சுல போட்ட ஆளு நீங்கதான். நாளைக்கு நிலத்துல எது கெட்டாலும் எனக்கு முதல்ல தெரிஞ்சுடும்."

வீட்டுக்கு முன்னால் நிறுத்தியிருந்த காருக்குத் திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து குத்தகைத் தாளை எடுத்து அதன் மேல் விரித்தார். ஹால்வர் ட்வெட் என்று தட்டச்சு செய்திருந்தது. வாசலில் நின்ற ஹால்வரை நோக்கிப் பேனாவை நீட்டினார்.

"இருங்க," என்றாள் ரக்னா. "அந்தப் பேர அடிச்சுட்டு என் பேர எழுதுங்க. கோணலா ஓட்டினது நான்."

ஆம்டால் ஹால்வரைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? வயல் அவளோடது," என்றான் ஹால்வர். "எனக்குப் பால் கேன் கழுவற வேலை கெடக்கு."

பெயர் மாறியது. ரக்னாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"எத்தனை வருஷம்னு போட? ரெண்டு?"

"அஞ்சு."

ஆம்டால் மேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஐந்து என்றே எழுதினார்.