பவளத்தீவில் மலை இல்லை

1

இந்தக் கதை பிறந்தது நியூஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டர் கோவிலின் கார் பார்க்கிங்கில், 1998 ஜூனில். "அப்பா இருக்கற ஐலண்ட் அமெரிக்காவா?" என்று மகள் தென்றல் கேட்டாள். வசந்தாமணியின் கணவன் நெடுஞ்செழியன் பசிபிக் கடலில் ஒரு பவளத்தீவில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இன்ஜினீயர். போய் ஒரு வருடமாகிறது. மகளுக்குச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தாள். (தன்னையே 'அவள்' என்று எழுதிக்கொண்டாள். அப்போதுதான் பேனா ஓடியது.)

முதல் தொடக்கம்: 'மலையுச்சியில் நின்று அவன் கடலைப் பார்த்து'

ஞாயிறன்று போனில் படித்துக் காட்டினாள். நெடுஞ்செழியன் சிரித்துவிட்டான்.

"மலைக்கு எங்க போறது மணி? தீவோட உசரமே என்ற தலைக்கு மேல கொஞ்சந்தான். வளையமாட்டம் பவளப்பாறை, நடுவுல அலையே இல்லாத தண்ணி, ஒரு ரன்வே. அவ்வளவுதான்."

2

(இங்கே நிர்வாகம் பற்றி ஒரு பத்தி, வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) தீவில் பறப்பது அமெரிக்கக் கொடி. ஆனால் ஓட்டு கிடையாது, மேயர் கிடையாது. வாஷிங்டன் அனுப்பிய ஒரே நிர்வாகி. நீதிபதியும் போலீசும் அவரே. அவர் கையெழுத்தில்லாமல் யாரும் இறங்க முடியாது. அது சொந்த ஊர் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: 'தனிமையில் அவன் வாடி'

இதையும் அடித்தாள். அவன் வாடவில்லை. "இங்க நல்லாத் தூக்கம் வருது" என்றிருந்தான். நியூஜெர்சியில் விடியவிடியப் புரண்டவன். இந்தப் பாத்திரத்தைத் தனக்குத் தெரியும் என்று எந்த நம்பிக்கையில் எழுதுகிறாள்?

3

அடுத்த ஞாயிறு அவன் சொன்னான்: "கான்ட்ராக்ட்டை ரெண்டு வருஷம் எக்ஸ்டெண்ட் பண்றாங்க. ஃபேமிலி வரலாம்னு அட்மினிஸ்ட்ரேட்டர் சைன் போட்டுட்டாரு. ஸ்கூல்தான் இல்ல, நீயே சொல்லிக் குடுக்கோணும். உன்ற லேப் வேலையையும் விடோணும்."

"அதெல்லாம் இருக்கட்டுங்க. நாங்க வரோணும்னு உங்களுக்கு இருக்குதா?"

(                    )

"வாங்க, ரெண்டு பேரும்."

சாட்டிலைட் போனில் கேள்வி போய்ச் சேர்ந்து பதில் திரும்பிவரத் தாமதமாகும். அது அவளுக்குப் பழக்கம்தான்.

முடிவு அ: அந்த இடைவெளி வழக்கமான தாமதம்.

முடிவு ஆ: அதைவிடக் கொஞ்சம் நீளம். அந்தக் கொஞ்சத்தில் அவன் யோசித்தான்.

ஆகஸ்டில் அம்மாவும் மகளும் விமானம் ஏறினார்கள். அதில் மாற்றமில்லை. ஆனால் மேலே அடைப்புக்குறிக்குள் எவ்வளவு இடம் விடுவது என்று வசந்தாமணிக்கு இன்றுவரை தெரியவில்லை. நீங்கள் படிக்கையில் அங்கே எவ்வளவு நேரம் நின்றீர்கள்?