இரண்டு பெட்டிக்கு ஒரு ஜெனரேட்டர்

சின்னவள் அப்பாவின் உடல் இருந்த குளிர்ப்பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கியதும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

"அடியே, என்னடி பண்றே? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று அத்தை எழுந்தே விட்டாள். முட்டி வலிக்கிறது என்று காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணிக்குக்கூட எழாதவள்.

சின்னவள் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே சமையலறையைத் தாண்டிப் பின்வாசலுக்கு ஓடினாள். கொட்டகைக்குள் புகுந்து, மூலையில் இருந்த வெள்ளை ஃப்ரீசரில் செருகினாள். அது ஒரு முறை குலுங்கி, இருமி, பிறகு ஓடத் தொடங்கியது. மேலே இருந்த மீட்டரில் மைனஸ் எட்டு. இருக்க வேண்டியது மைனஸ் இருபது. அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தால் இன்றைக்கு எழுந்திருக்க முடியாது என்று தெரிந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். விடிந்து காப்பி ஆறிய பிறகுதான் அம்மா போய் எழுப்பியிருக்கிறாள். நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு மாத்திரை கேட்கவில்லை. ஊரில் பாதிப் பேர் மூக்கின் மேல் அவர் வார்த்த மூக்குக்கண்ணாடிச் சில்லுதான் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடிக்காரர் என்றால் வழி கேட்காமலே வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த ஆள் சத்தமில்லாமல் போனதை நம்ப முடியாமல் காலையிலிருந்து கூட்டம் வந்தபடி இருந்தது. மகன், சின்னவளின் அண்ணன், வெளிநாட்டிலிருந்து கிளம்பியிருந்தான். இரண்டு விமானம் மாறி நாளைக் காலையில்தான் வந்து சேர்வான். அதுவரைக்கும் தாங்க வேண்டுமே என்று சித்தப்பா குளிர்ப்பெட்டிக்குச் சொல்லி, அப்பாவை அதில் கிடத்தினார்கள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஊர் முழுக்கக் கரண்ட் போகிற வரைக்கும்.

மின்சார ஆபீஸ்காரன் வந்து அண்ணாந்து பார்த்தான். நாளைக்குச் சாயங்காலம் ஆகும், அதுவும் சாமான் கிடைத்தால் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அடுத்த நொடியே ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. கொட்டகை ஃப்ரீசருக்கென்றே அப்பா வாங்கி வைத்த சின்ன ஜெனரேட்டர் அது. சத்தம் கேட்டதும் சின்னவளுக்கு நிம்மதியாகிவிட்டது. நல்லவேளை, சித்தப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறது என்று நினைத்தாள். சித்தப்பாவுக்கு ஞாபகம் இருந்தது தன் அண்ணனைப் பற்றித்தான். ஃப்ரீசர் ஒயரைக் கழற்றி, ஜன்னல் வழியாக இழுத்து, அண்ணனின் பெட்டிக்குக் கொடுத்திருந்தார். வந்தவர்களுக்கு இன்னும் நாலு நாற்காலி எடுக்க அவள் கொட்டகைக்குப் போகாமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

இப்போது சித்தப்பா மூச்சு வாங்கக் கொட்டகை வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே அத்தை, அவள் பின்னால் பாதிக் கூடம்.

"ஏம்மா, நான்தான் மாத்தினேன். அப்பா உள்ள வெந்துக்கிட்டு இருக்கார், நீ இங்க ஐஸ்பெட்டிக்குக் கரண்ட் குடுக்குறியா?"

"இது ஐஸ்பெட்டி இல்ல சித்தப்பா. இதுல மருந்து இருக்கு. முந்தாநாள்தான் புது லோடு வந்துச்சு. வாய் வரைக்கும் நிரம்பியிருக்கு."

"இருக்கட்டுமே. ஒரு ராத்திரி குளிரு இல்லன்னா கெட்டா போயிடும்?"

"கெட்டுப்போனா பரவாயில்லையே! இது வெடிக்கும்."

அத்தை வாயில் கை வைத்தாள். யாரோ பின்னால் ஓர் அடி நகர்ந்தார்கள்.

சின்னவளுக்குப் பேசவே தெம்பில்லை. ஆனாலும் சொன்னாள். கண்ணாடிச் சில்லு வார்க்கிற திரவத்தை இறுக வைப்பது இந்த மருந்துதான், பெராக்சைடு. குளிரில் இருக்கிற வரைக்கும் சாது. சூடு ஏறினால் தானே சிதைய ஆரம்பிக்கும். சிதைகிறபோது தானே சூட்டை உண்டாக்கும், அந்தச் சூட்டில் இன்னும் வேகமாகச் சிதையும். ஓர் அளவைத் தாண்டினால் பிறகு எந்தக் குளிராலும் அதை நிறுத்த முடியாது. அப்பா இதை அள்ளப் பிளாஸ்டிக் கரண்டி தவிர வேறெதையும் தொட விடமாட்டார். அள்ளியதில் மிச்சம் விழுந்தால் திரும்பப் பாட்டிலில் போட விடமாட்டார். உள்ளே உண்டாகிற காற்று போக வழி வேண்டும் என்று மூடியை இறுக்க விடமாட்டார். அம்மா வத்தல் போட வந்தால்கூடக் கொட்டகைப் பக்கம் வெயில் நல்லா இல்லை என்று விரட்டிவிடுவார்.

"மீட்டர் சத்தம் போட்டிருக்குமே, யாருக்கும் கேக்கலியா?" என்றாள்.

சித்தப்பாவின் முகம் மாறியது. "அது கீ கீன்னு கத்திக்கிட்டே இருந்துச்சும்மா. சாவு வீட்டுல இது வேறயான்னு நான்தான் அமத்தினேன்."

அவரைத் திட்ட முடியவில்லை. அண்ணன் போன துக்கத்தில் மனிதர் காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கவில்லை.

"ரெண்டையும் ஓட்ட முடியாதா?" என்றார். செருகிப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் ஒரு முனகலோடு படுத்துவிட்டது. இழுத்து இழுத்து மறுபடி கிளப்புவதற்குள் சித்தப்பாவின் சட்டை நனைந்துவிட்டது. மாற்றி மாற்றிப் போடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

"ஏற்கெனவே ஏறிடுச்சுங்க. இறங்க ராத்திரி பூரா நிக்காம ஓடணும்," என்றாள் சின்னவள்.

பந்தல்காரரிடம் வேறு ஜெனரேட்டர் கேட்டார்கள். ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் கடைகளுக்கும் போய்விட்டது என்றார். ஐஸ் கம்பெனியில் காலையில் வெட்டிய பாளம் எல்லாம் தீர்ந்திருந்தது. மருந்து அனுப்புகிற கம்பெனிக்குச் சின்னவள் போன் போட்டாள். அங்கே இருந்தவர் பதறினார். இளகத் தொடங்கியதை இப்போது ஆட்டவோ தூக்கவோ கூடாது, நன்றாக உறைந்த பிறகு காலையில் குளிர்வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றார். "மீட்டர் இன்னும் ஏறுச்சுன்னா யாரும் கிட்டப் போகாதீங்கம்மா. தெருவக் காலி பண்ணிடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

தெருவைக் காலி பண்ணுவதாம். கொட்டகைச் சுவரை ஒட்டித்தான் பந்தலே போட்டிருந்தது. அதற்குக் கீழே ஊரே உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அந்தச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு ரயில் விட்டு விளையாடின. முதலில் அவர்களை எல்லாம் எதிர்ச் சாரிக்குப் போகச் சொன்னாள்.

"ஒரே பிள்ளைடி அவன்," என்றாள் அத்தை, இப்போது குரல் இறங்கி. "பெத்தவன் மொகத்தப் பாக்க ஆகாசத்துல பறந்து வர்றான். அதைப் பறிச்சுட்டா அவன் வாழ்நாள்ல உன்னை மன்னிப்பானா?"

அதுதான் சின்னவளின் நெஞ்சிலும் கல்லாகக் கிடந்தது. அவள் உள்ளே போனாள். நின்றுபோன பெட்டியின் கண்ணாடியில் வியர்வை போல நீர் கோர்த்து, அப்பாவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அம்மா புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். மறுபடி கோர்த்தது. மறுபடி துடைத்தாள். பின்வாசலில் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"ஒயரைத் திருப்பிக் குடுக்க மாட்டேல்ல?" என்றாள் அம்மா.

"முடியாதும்மா."

"குடுக்காத. அவரே எந்திரிச்சு வந்தாலும் அங்கதான் போய்ச் சொருகுவார்." அம்மா கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "காலையில வரைக்கும் இவர் தாங்க மாட்டார். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம். நீயே அவன்கிட்டச் சொல்லிடு. எனக்குச் சொல்லத் தெம்பில்ல."

அண்ணன் ஏதோ ஒரு விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தான். பின்னால் அறிவிப்புக் குரல்கள் கேட்டன.

"அண்ணா, சாயங்காலமே எடுத்துடறோம்."

"என்னடி சொல்றே? நான் வந்துக்கிட்டு இருக்கேன்ல? பெட்டி வெச்சிருக்குன்னு சித்தப்பா சொன்னாரே! நான் அப்பா மொகத்தப் பாக்கணும்டி. தொட்டுப் பாக்கணும்."

"கரண்ட் போயிடுச்சு. ஜெனரேட்டர் ஒண்ணுதான். மருந்து ஏறிடுச்சுண்ணா."

அவன் அந்தக் கொட்டகையில் வளர்ந்தவன்.

"எவ்வளவு?" என்றான்.

"மைனஸ் எட்டு."

"ஒயரை மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"பக்கத்து வீட்டுல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். எல்லாரும் எதிர்ப்பக்கம் போயிட்டாங்க."

"சரி," என்றான். அப்புறம் மறுபடியும், "சரிம்மா." அதற்குப் பிறகு அவன் அழுத அழுகையைக் கேட்க முடியாமல் அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். ஆனால் துண்டிக்கவில்லை. அவளும் அழுதாள். காலையிலிருந்து அப்போதுதான் முதல் தடவை.

வெயில் தாழ்ந்ததும் அப்பாவை எடுத்தார்கள். மகன் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா நின்றார்.

மறுநாள் காலை அண்ணன் வந்தபோது கூடத்தில் காலிப் பெட்டி மட்டும் கிடந்தது. அதைத் திரும்ப எடுத்துப்போக இன்னும் ஆள் வரவில்லை. அவன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி மூடியின் மேல் கையை வைத்தான். அம்மா அவன் தலையைத் தடவிவிட்டு, "குளிச்சுட்டு வா, ஏதாச்சும் சாப்பிடு" என்றாள்.

அவன் குளிக்கப் போவதற்குள் கம்பெனி வண்டி வந்துவிட்டது. மீட்டர் மைனஸ் பத்தொன்பதில் நின்றது. வண்டிக்காரன் கையுறை போட்டு, பாட்டில்களை ஒவ்வொன்றாக உறைபனிக்கட்டி நிரப்பிய நீளமான பெட்டிக்குள் அடுக்கினான். இன்னொரு ஆள் வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தான். யாரும் அசையவில்லை. நேற்றுக் கேட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

அண்ணன் பயணச் சட்டையோடே போய்ப் பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்தான். தூக்கியதும், தன்னையறியாமல் அதைத் தோளுக்கு ஏற்றப் போனான்.

"தோள்ல வேணாம் சார்," என்றான் வண்டிக்காரன். "கையிலயே வாங்க. ஆட்டாம, மெதுவா."

அவன் கைக்கு இறக்கிக்கொண்டான். கொட்டகையிலிருந்து சந்து வழியாகத் தெருவுக்கு, ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்து நடந்தான். எதிர்ச் சாரியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். சின்னவள் முன்னால் ஓடி, வழியில் கிடந்த நாற்காலிகளை ஒதுக்கினாள்.