கூத்தையாவுக்கு அறுபது பேர்

என் வீட்டுக்காரர் கூத்தையா பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்றது 1960இல். மண்டபம் ரயிலடிக்கு மேற்கே எங்கள் ஊர். எதிர்த்து நின்றவர் இருளாண்டி. சும்மா நின்றாரா என் வீட்டு மனுஷன்? கடைத்தெருவில் வைத்து, "தோத்தா மீசைய எடுத்துர்றேன்லே!" என்று சவால் வேறு. காதுவரை போகிற மீசை. எங்கள் வீட்டில் என் தலையைவிட அதற்குத்தான் எண்ணெய் அதிகம்.

சவால் விட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. அப்போது பார்த்து, சென்னையில் புள்ளிவிவரப் படிப்பு முடித்த என் தம்பி தனுஷ்கோடி ஊருக்கு வந்து இறங்கினான்.

"ஊர் பூராவும் கேக்க வேணாம் மச்சான். சீட்டுக் குலுக்கி நூறு பேர எடுத்துக் கேப்போம். போதும்."

குலுக்கல் நியாயமாகத்தான் நடந்தது. குறை சொல்லமாட்டேன். ஆனால் வீடு வீடாகக் கேட்கப் போகும்போது, வேட்பாளரும் மீசையை முறுக்கிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

"நீங்க எதுக்குப் போறீங்க?" என்றேன்.

"நாலு பேரப் பாத்த மாதிரி இருக்கும்ல."

வேட்பாளரை வாசலில் நிறுத்திக்கொண்டு ஓட்டு யாருக்கு என்று கேட்டால் எவன் வாயைத் திறப்பான்? அறுபது பேர் மோரும் கொடுத்து, "ஒங்களுக்குத்தாண்ணே" என்றார்கள். மிச்ச நாற்பது பேர் "பாப்போம்ணே" என்றார்கள். எங்கள் பக்கத்தில் "பாப்போம்" என்றால் என்ன என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

தம்பி சுவரில் கரியால் மணி மாதிரி ஒரு கோடு வரைந்தான். நார்மல் கர்வ் என்று பேராம்.

"ஊர்ல சரிபாதிப் பேருதான் நம்ம பக்கம்னு வச்சுக்குவோம். நூறு நூறு பேரா எத்தன தடவ எடுத்தாலும் விடை அம்பதச் சுத்தித்தான் குவியும். ஏத்த எறக்கம் ஒரு அஞ்சு, அதுதான் திட்ட விலக்கம். அறுபதுன்னா ரெண்டு விலக்கம் தள்ளி, இந்தா, இந்த வால்ல கெடக்கு. தற்செயலா அங்கன விழுறது நூத்துக்கு ரெண்டு வாட்டி, மிஞ்சிப்போனா மூணு. அப்ப பாதிக்கு மேல நமக்குத்தான் மச்சான்!"

கணக்கு சுத்தம்தான். "ஏலே, மொகத்துக்கு நேர கேட்டும் நாப்பது பேரு மழுப்பிட்டான். அத எந்த வால்ல போடுவ?" என்றேன்.

"உனக்கு இதெல்லாம் வெளங்காதுக்கா" என்றான்.

அவனுடைய மச்சான் அன்றைக்குக் குறட்டைவிட்டுத் தூங்கினார். அடுத்த நாளிலிருந்து ஓட்டுக் கேட்கவும் போகவில்லை. ஜெயித்தவர் எதற்கு வெயிலில் அலையவேண்டும்?

பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். நூற்றுக்கு முப்பத்தைந்துகூடத் தேறவில்லை.

"இப்படி நடக்க வாய்ப்பே இல்லக்கா" என்று தம்பி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன செய்வது, அவனைக் கேட்காமல் நடந்துவிட்டது.

சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை என் வீட்டுக்காரர். மறுநாள் கடைத்தெருவில் ஊரே கூடி நிற்க, நாவிதர் மூக்கையா முன்னால் போய் உட்கார்ந்தார். எத்தனை திட்டியிருப்பேன் அந்த மீசையை, ஆனாலும் கத்தி பட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பக்கத்தை வழித்துவிட்டு மூக்கையா குனிந்து, "யாரு போட்டாகளோ போடலையோ, என் ஓட்டு ஒங்களுக்குத்தாங்கய்யா" என்றார்.

"நானும் ஒங்களுக்குத்தாண்ணே" என்றான் பக்கத்தில் நின்றவன். அவன் பின்னால் இன்னொருவன். அப்புறம் கூட்டம் முழுக்க, நானும், நானும் என்று ஒரே சத்தியம்.

என் வீட்டுக்காரர் அரை மீசையோடு நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தம்பியைத் தேடிப் பிடித்து, "எண்ணிக்க மாப்ளே" என்றார்.