மொர்வென்ட்

ஷரீபுன்னிசாவுக்கு அந்த வருஷம் எல்லாமே அலுத்துப்போயிருந்தது. மகாபலிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு வரும் பஸ் அலுத்துப்போயிருந்தது. திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் டீ குடித்து முடிக்கும்வரை உள்ளே உட்கார்ந்து புழுங்குவது அலுத்துப்போயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக இங்கிலீஷ் வார்த்தைகள் அலுத்துப்போயிருந்தன. அதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் இப்படிச் சொல்லலாமா என்றால், சொல்லக்கூடாதுதான். அலுப்புக்கு அதெல்லாம் தெரிகிறதா என்ன?

அவள் வேலை பார்த்த காலேஜுக்கு மலேசியாவிலிருந்து சீனப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் முழுக்கச் சீன மொழியில் படித்துவிட்டு வந்தவர்கள். இங்கே பட்ட வகுப்பு முழுக்க இங்கிலீஷ். அதனால் வகுப்பில் உட்காருமுன் அவர்களுக்கு ஒரு வார்த்தைப் பரீட்சை. கடினமான வார்த்தைகளாகப் பொறுக்கி நூறு கொடுப்பாள். தெரிந்த வார்த்தைக்கு டிக் அடித்தால் போதும், அர்த்தம் எழுத வேண்டாம். அப்படியானால் எல்லாவற்றுக்கும் அடித்துத் தள்ளிவிட மாட்டார்களா? தள்ளுவார்கள். அதற்குத்தான் நடுநடுவே பத்துப் பொய் வார்த்தைகளை விதைத்திருப்பாள். உலகத்தில் எந்த அகராதியிலும் இல்லாத, அவளே கட்டிவிட்ட வார்த்தைகள். அதில் ஒன்றுக்கு டிக் அடித்தாலும் ஐந்து மார்க் போச்சு. எவை பொய் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பிரின்சிபாலிடம்கூடச் சொல்வதில்லை.

இந்த வருஷத்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டு வந்தவள் கொக் வாவின் தாளில் நின்றுவிட்டாள். ஈப்போக்காரப் பையன். போன வருஷம் பரீட்சையில் தவறி, மறுபடி எழுத இங்கேயே தங்கிவிட்டவன். ஆனால் அந்தக் கும்பலிலேயே ஒரு பொய் வார்த்தைக்கும் டிக் அடிக்காதவன் அவன் ஒருவன்தான். தெரியாததைத் தெரியாது என்று விட்டிருந்தான். அவனை அவள் மறக்கவில்லை. இரண்டாவது முறையும் தவறினால் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிடுவது காலேஜ் வழக்கம். இந்தத் தடவை பாஸ் மார்க்கைத் தாண்டியிருந்தான். தாண்டியவன், மொர்வென்ட் என்ற வார்த்தைக்கும் டிக் அடித்து வைத்திருந்தான். ஐந்து கழிந்தால் பாஸுக்கு மூன்று குறையும்.

"அட பாவி, நீயுமா?" என்று வாய்விட்டே சொன்னாள். சிவப்புப் பேனாவால் கழித்து எழுதினாள். அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

கொக் வாவுக்கு இங்கிலீஷ் தயங்கித் தயங்கித்தான் வரும். சந்திரம்மா மெஸ்ஸில் ஒரு வருஷம் சாப்பிட்டதில் தமிழ் மட்டும் தடதடவென்று வரும், அதுவும் அந்தம்மாள் தமிழ்.

"இந்த மொர்வென்ட் உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் மேடம்."

"போன வருஷமும் இது இருந்துச்சே. அப்ப டிக் அடிக்கலையே நீ?"

"அப்போ தெரியாது. இப்போ தெரியும்."

கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷமும் இருந்துச்சே! தன் வாயால் தானே சொன்னது. பத்து வார்த்தையும் புதிதாகக் கட்ட வேண்டியவள், ஒன்பது கட்டி, பத்தாவதற்குத் தெம்பில்லாமல் பழையதிலிருந்தே ஒன்றை எடுத்துப் போட்டிருந்தாள். யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்ற அசட்டை.

"சரி, என்ன அர்த்தம்?"

"டயர்டு மேடம். ஆனா சும்மா டயர்டு இல்ல. பசிக்கும், துன்னத் தோணாது. தூக்கம் வரும், கண்ணு மூடாது. வூட்டுக்குப் போலாம்னு இருக்கும், வூடு ரொம்ப தூரம் கீது. அதான் மொர்வென்ட்."

"யார் சொன்னாங்க?"

"எல்லாரும் சொல்வாங்க. போன வருஷம் பரீட்சை முடிஞ்சி மெஸ்ல பேசிக்கினோம், அது இன்னா வார்த்தைன்னு. சீனியர் ஒருத்தர் சொன்னாரு, நாம இப்போ இருக்கோமே, அதுதான்னு. அப்பால நாங்க டெய்லி சொல்றோம்."

அவனைப் போகச் சொல்லிவிட்டு மேசையில் தலை கவிழ்ந்தாள். பொய் சொல்கிறவன் இவ்வளவு அழகாகச் சொல்வானா? சொன்னாலும் சொல்வான், படித்த பிள்ளைகளை நம்ப முடியாது. மத்தியானம் வெயிலோடு வெயிலாக ஸ்டேஷன் பக்கம் இருந்த மெஸ்ஸுக்கே நடந்தாள்.

சந்திரம்மா அடுப்படி வாசலில் காலை நீட்டிக்கொண்டு, முந்தானையால் விசிறியபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வா டீச்சரம்மா, குந்து. இன்னிக்கு என்னைய ஒன்னியும் கேக்காத. காலைலேர்ந்து ஒரே மொர்வென்ட்டா கீது."

ஷரீபுன்னிசா அவளையே வெறித்துப் பார்த்தாள்.

"இன்னா அப்டி பாக்குற? உங்க இங்கிலீசுதானே? டாக்டராண்ட போனா ஒடம்புல சத்து இல்லன்றான். என் வூட்டுக்காரன் சோம்பேறின்றான். இந்த சீனாக்காரப் பசங்கதான் கரீட்டா பேரு சொன்னதுங்க. அதுலயும் நம்ம கொக்கு கீதே, என் மூஞ்சப் பாத்தாலே சொல்லிடும், 'அக்கா, மொர்வென்ட்டா?'ன்னு. சொல்லிட்டு அதுவே தட்டக் கழுவிப் போட்டுட்டுப் போவும்."

யா அல்லா என்று அவள் சுவரில் சாய்ந்தாள். திருக்கழுக்குன்றத்தில் நின்றுபோன பஸ்ஸுக்குள், வியர்வை வழிய, வெறுப்பில் வாய்க்கு வந்தபடி கட்டிய வார்த்தை. அது இங்கே வந்து சோறு தின்று வளர்ந்திருக்கிறது. பையன் மேல் தப்பே இல்லை. போன வருஷம் தெரியாது என்றான், அது உண்மை. இந்த வருஷம் தெரியும் என்றான், அதுவும் உண்மை. தப்பு அவளுடையது. பிரின்சிபாலிடம் போய், பழைய பொய்யையே மறுபடி போட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் அவன் பிழைப்பான். அவளுக்கோ இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. போகட்டும், கழுதை. தன் சோம்பலுக்கு இன்னொருவன் பிள்ளை கப்பலேறுவதா?

பிரின்சிபால் திருநாவுக்கரசு தன் இங்கிலீஷில் அசைக்க முடியாத நம்பிக்கை உள்ளவர். மற்றவர்களுக்கும் அந்த நம்பிக்கை இருந்தாக வேண்டும் என்பதில் இன்னும் கறாரானவர். அவர் மேசை மேல் கொக் வாவின் தாளை வைத்தாள்.

"சார், இந்த மொர்வென்ட்டுங்கற வார்த்தையில ஒரு சிக்கல்."

"என்ன சிக்கல்?"

"அந்த வார்த்தை உங்களுக்கு..." எப்படி ஆரம்பிப்பது என்று புரியாமல், "உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா கேள்வி இது? பி.ஏ. படிக்கும்போதே எங்க புரொபசர் வாயில தினம் நாலு தடவை வரும்."

ஷரீபுன்னிசா தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அதுக்கு அர்த்தம், சார்..."

"இடத்துக்குத் தகுந்த மாதிரி வரும்," என்றார் அவர். "அதையெல்லாம் ஒரு வரியில சொல்லிட முடியாது."

"அப்போ இந்தப் பையன் டிக் அடிச்சது சரிதானே சார்?"

"சரிதான். அதுக்குப் போய் ஏன் அஞ்சு மார்க்கைக் கழிச்சு வெச்சிருக்கீங்க? ஒரு பையனோட எதிர்காலம்மா இது. கவனமாத் திருத்த வேணாமா?"

அவரே அவள் சிவப்பு மையை அடித்து, மார்க்கைத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிரித்துவிடுவாளா அழுதுவிடுவாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. தாளை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்று வெளியே வந்தாள். வராந்தாவில் நடக்கும்போது, பழக்க தோஷம், அவர் கணக்கில் மனசுக்குள் ஐந்து மார்க் கழித்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு கொக் வா ஓடி வந்தான். பாஸ் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், சந்தோஷமாக இருப்பான் என்று நினைத்தாள். முகம் வாடிக்கிடந்தது.

"மேடம், நான் லைப்ரரிக்குப் போயிருந்தேன். பெரிய டிக்ஷனரில பாத்தேன். அந்த வார்த்தை இல்ல."

"உம்."

"மெய்யாலுமே அப்டி ஒரு வார்த்தை கீதா மேடம்? இல்லன்னா சொல்லுங்க. நான் போயி பிரின்சிபாலாண்ட சொல்லிட்றேன். எனக்கு அந்த மார்க்கு வாணாம்."

சொல்லக்கூடியவன்தான். சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலும் ஏறிவிடுவான். பாழாய்ப்போன பிள்ளை என்று கோபம் வந்தது. கோபத்தோடு கோபமாகக் கண்ணும் நிறைந்துவிட்டது. இவனிடம் பொய் சொல்ல அவளால் ஆகாது.

மகாபலிபுரம் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. அவள் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"போன வருஷம் இல்ல தம்பி," என்றாள். "இப்ப இருக்கு."