சமையலறைக்கு நேர் கீழே

எச்சக்காரர் வீட்டில் பேசுகிற பேச்செல்லாம் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கீழே குகையில் சொட்டும். வீடு சுண்ணாம்புக் குன்றின் மேல், குகை அதன் வயிற்றில். மழைத்தண்ணீர் பாறையைக் கரைத்துக்கொண்டு இறங்க அத்தனை காலம் பிடிக்கிறது. பேச்சும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும், அதற்கென்று தனிப்பாதையா போட்டு வைத்திருக்கிறது? தரையில் விழும் சொட்டு, சொன்னவர் குரலிலேயே ஒருமுறை சொல்லிவிட்டு அடங்கும். வவ்வால்கள் கண்டுகொள்வதில்லை. கண்ணில்லாத வெள்ளைப் பூச்சிகள் மட்டும் மீசையை நீட்டிக் கேட்கும். அடிக்கடி சொன்ன பேச்சு கல்லாகிவிடும். சமையலறைக்கு நேர் கீழே கூரையிலிருந்து தொடைப் பருமனில் தொங்குகிறதே, அந்தக் கல் முழுக்க "சாப்பிட வாங்க"தான்.

எச்சக்காரர் அங்கே வவ்வால் எச்சத்தை அள்ளி உரத்துக்கு விற்பவர், அதிகம் பேசாத மனிதர். மேலே துணி தைக்கும் அவர் மனைவி இந்த மழைக்காலம் நெருங்க நெருங்க விரல்விட்டு நாளை எண்ணினாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு கைக்குழந்தை காய்ச்சலில் இறந்தது. அன்று குகையிலிருந்து அவர் ஏறிவரத் தாமதம், அதனால் வைத்தியரிடம் போகவும் தாமதம். அந்த வாரம் அவர் இல்லாத நேரத்தில் அடுப்படியில் குப்புற விழுந்து, தரையைப் பார்த்து ஒன்று சொல்லிவிட்டாள். பெற்ற வயிறு, சொல்லாதா? இப்போது அவளே அதை நம்புவதில்லை. ஆனால் அந்த மனுஷன் காதில் விழுந்தால் தாங்குவாரா?

துணியில் விழுகிற சொட்டு பேசாது. வாளி நிறைய வெட்டுத்துணிகளோடு இறங்கி, அந்தக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"இங்க என்ன பண்றே?"

"வீட்ல ஒரே புழுக்கம். இங்க ஜில்லுனு இருக்கு."

எச்ச நெடியில் கண் எரிந்தது. ஜில்லென்று இருக்கிறதாம்! சில நாள் இப்படியே போயிற்று. ஒருநாள், "வாளி ரொம்பிடுச்சும்மா" என்று அவர் நல்லெண்ணத்தில் தூக்கிக் கொட்டப்போன நேரம், அந்தச் சொட்டு வெறும் தரையில் விழுந்தது.

"இந்த ஆளாலதான் என் பிள்ளை போச்சு."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"இங்க வா" என்று கொல்லைப்புறத்துக்கு நேர் கீழே உள்ள மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே அவருடைய குரல், இளவயதுக் குரல், சொட்டிக்கொண்டிருந்தது. "என்னாலதான் போச்சு. என்னாலதான்." நேற்றுதான் ஆரம்பித்ததாம். அதற்குள் கூரையில் விரல்நுனி அளவு கல் முளைத்திருந்தது. எத்தனை தடவை சொல்லியிருந்தால் ஒரே நாளில் அவ்வளவு முளைக்கும்!

"உங்களால இல்லீங்க. காய்ச்சல்தாங்க கொண்டுபோச்சு" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவர் குழந்தை மாதிரி அழுதார்.

வீடேறியதும் கொல்லைப்புறத்தில் குனிந்து, தரையிடமும் ஒருமுறை சொல்லிவைத்தாள். இப்போதெல்லாம் கொடியில் துணி காயப்போடும்போது தினமும் சொல்கிறாள். கீழே அந்த மூலையில் அவர் எச்சக் கூடைகளை வைப்பதில்லை. அவள் சொல் கல்லாக வளர இடம் வேண்டுமே.