மின்நூலில் முளைத்த ஐயா

எழுநூற்று நாற்பது பக்க நாவல் ஒன்று மூக்கின்மேல் விழுந்தது. எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

மூக்குக்குச் சொந்தக்காரி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வீட்டில் அவளுக்குப் பெயரே எக்ஸ்ரேக்காரி என்றாகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மல்லாந்து படுத்து, புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள். கை தளர்ந்தது. கெட்டி அட்டையின் முனை மூக்குத்தண்டில் இறங்கியது. மறுநாள் வேலைக்குப் போனதும், தினமும் மற்றவர்களை நிறுத்திவைக்கும் இடத்தில் தானே போய் நின்று, கூட வேலை பார்ப்பவளைப் படம் எடுக்கச் சொன்னாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. வீக்கம் மட்டும் ஒரு வாரம் அவளுக்கு ஓரடி முன்னால் நடந்து போனது.

மாடி வீட்டில் கணவனின் அக்கா தனியாக இருந்தாள்; ராத்திரிச் சாப்பாடு மட்டும் கீழே. ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை, மொழிப்பாடம் எடுப்பவள். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ‘சிவப்பு மை’. கல்யாணம் வேண்டாம் என்று முப்பது வருடத்துக்கு முன்பு ஒருமுறை சொன்னாள். இரண்டாவது முறை கேட்கும் தைரியம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வரவில்லை. எக்ஸ்ரேக்காரிக்கு அவள் அண்ணி. மூக்கைப் பார்க்க இறங்கி வந்த அண்ணி, நின்றபடியே தீர்ப்புச் சொன்னாள்.

“உக்காந்து படிச்சிருந்தா மடியில விழுந்திருக்கும். கதைன்னு ஒண்ணைப் படிக்காமலே இருந்திருந்தா எங்கயுமே விழுந்திருக்காது.”

எக்ஸ்ரேக்காரி காபி போடும் சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள். அண்ணி எதிரில் அவள் எப்போதும் அப்படித்தான்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு அவன் முழுதாகப் படித்த ஒரே நூல் ஒரு லிஃப்ட் மோட்டாரின் கையேடு. அதில்கூடக் கடைசி அத்தியாயத்தை விட்டுவிட்டான். ஆனால் மெஷின் வாங்குவது என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். “புத்தகம் படிக்கறதுக்குன்னே தனி மெஷின் இருக்கு. கையளவுதான். மூஞ்சில விழுந்தாலும் தட்டிக் குடுத்த மாதிரி இருக்கும்,” என்றான். இரண்டு வாரம் இணையத்தைத் துழாவி, பதினோரு கருவிகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். திரை, எடை, பேட்டரி, உள்வெளிச்சம், தண்ணீர் புகுமா, பொத்தான் உண்டா, கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று ஏழு கட்டங்கள். எக்ஸ்ரேக்காரி பென்சிலால் எட்டாவதாக ஒன்று போட்டாள்: ‘மூக்கில் விழுந்தால்?’

கடைக்கு அவள் அட்டவணையைக் கொண்டுபோகவில்லை. ஆஸ்பத்திரிக் கோட்டைக் கொண்டுபோனாள். ஒவ்வொரு கருவியாக எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுப் பார்த்தாள். பெரிய திரை உள்ளவை பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. தொட்டுத்தான் பக்கம் திருப்ப வேண்டும் என்றவற்றை ஒதுக்கினாள். வேலையில் பாதி நேரம் கையில் உறை இருக்கும், திரை மசியாது. கடைசியில் ஓரத்தில் பொத்தான் வைத்த, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒன்று மிஞ்சியது. விற்பனைப் பையனுக்கு மனம் பொறுக்கவில்லை.

“மேடம், இதே சைஸ்ல டேப்லெட் காட்டட்டுமா? படம் பாக்கலாம், பாட்டு கேக்கலாம், வீடியோ கால் பேசலாம்.”

“இதுல?”

“இதுலயா... படிக்கலாம்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான் மேடம். கலர்கூட வராது,” என்றான், தேறாத பிள்ளையைப் பற்றிப் பெற்றவர்கள் பேசும் குரலில்.

“இதையே குடுங்க,” என்றாள்.

அங்கேயே கணக்குத் தொடங்கிக்கொடுக்க அந்தப் பையன் ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்டான். கூட வந்திருந்த கணவனுக்குத் தன்னுடைய கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. அக்காவுடையது நினைவிருந்தது. ஏனென்றால் அவளுடைய டேப்லெட்டில் போன வருடம் மின்நூல் கணக்கைத் தொடங்கிக்கொடுத்ததே அவன்தான். அதில் ஓர் அகராதியும் ஓர் இலக்கண நூலும் மட்டுமே இருந்தன. யாருக்குத் தொந்தரவு என்று அதையே இதிலும் போட்டுவிட்டான். பின்னால் வந்த வம்பு முழுவதும் அந்த அரை நிமிடச் சோம்பேறித்தனத்தில் விளைந்தது.

கருவி அவளோடு ஒட்டிக்கொண்டது. ஒரு நோயாளி சட்டையை மாட்டி, அடுத்தவர் சட்டையைக் கழற்றுவதற்குள் இரண்டு பக்கம் ஓடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். கொலை, கடத்தல், மாயமான மணப்பெண் என்று அவள் வாங்கிக் குவித்தாலும் கோட்டுப் பை கனக்கவில்லை. ஒருநாள் நெஞ்சுப் படம் எடுக்க வந்த பெரியவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அறுபத்து மூணு சதவீதம்னு காட்டுதே, அது என் நுரையீரலா?” என்று நடுங்கிப்போய்க் கேட்டார். அது நாவலில் அவள் தாண்டியிருந்த தூரம் என்று விளக்கிச் சொல்லி, தண்ணீர் கொடுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கருவியைத் திறந்தபோது ஓர் அறிவிப்பு வந்தது. ‘வேறொரு சாதனத்தில் 212ஆம் பக்கம் வரை படித்திருக்கிறீர்கள். அங்கே செல்லவா?’ அவள் நூற்று நாற்பதில்தான் இருந்தாள். கணவனைக் கேட்டாள். “நானா? படிச்சேனா?” என்று அவன் நிஜமாகவே புண்பட்டுப்போனான்.

அன்று மத்தியானம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவளுக்கு விடை கிடைத்தது. ‘அவனை பார்த்தாள்’ என்ற வரிக்கு அடியில் கோடு. கோட்டில் ஒரு குறிப்பு: ‘அவனைப் பார்த்தாள் என்றிருக்க வேண்டும். ப் எங்கே?’ அடுத்த பக்கத்தில் இன்னொன்று. உலகத்தில் கொலை நடக்கும் இடத்தில் ஒற்று தேடக்கூடியவர் ஒருவர்தான். கதையே படிக்கக் கூடாது என்ற அண்ணி, அவள் வாங்கும் புத்தகத்தை எல்லாம் மாடியில் உட்கார்ந்து அவளுக்கு முன்னால் முடித்துக்கொண்டிருந்தாள். நூற்று எண்பதாம் பக்கத்தில் நீண்ட முத்தக் காட்சி. அதில் மூன்று ஒற்றுப்பிழைகள். ஒன்றுகூடத் திருத்தப்படவில்லை.

கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். ஆனால் அவளுக்குக் குறும்பு பிடித்துக்கொண்டது. ஓர் இலக்கணக் குறிப்புக்குப் பக்கத்துச் சொல்லில், ‘சரியாகச் சொன்னீர்கள். பதிப்பாளரின் காதைத் திருக வேண்டும்’ என்று எழுதிவைத்தாள். மூன்றாம் நாள் அதன் அருகில் பதில் முளைத்திருந்தது: ‘தாங்கள் யார் ஐயா?’

நான்தான் அண்ணி என்று எழுதியிருக்க வேண்டும். அவள் எழுதியது, ‘ஒரு வாசகன்.’ அந்த ‘ன்’தான் அவள் செய்த தப்பு.

அதன்பிறகு ஐயாவும் அம்மையாரும் நான்கு நாவல்களைச் சேர்ந்து படித்தார்கள். ‘மருமகன்தான் கொன்றிருக்கிறான். தேவைக்கு மேல் சிரிக்கிறான்’ என்பாள் அண்ணி. ‘ஆனாலும், அந்த வக்கீலுக்கு ஏன் வியர்க்கிறது..’ என்பார் ஐயா. சாப்பாட்டு மேசையில் உப்பு எடு, மூடி வை என்பதைத் தாண்டிப் பேசியிராத இருவர், புத்தகத்துக்குள் வரிக்கு வரி மல்லுக்கட்டினார்கள். எக்ஸ்ரேக்காரி வேலையில் தனியாகச் சிரிப்பதைக் கண்டு கூட இருப்பவள் அவளுக்கு ஏதோ உறவு முளைத்துவிட்டதாக நினைத்தாள். ஒரு விதத்தில் முளைத்துத்தான் இருந்தது.

ஐந்தாவது நாவலில் ஒரு மனைவி சோபாவில் சாய்ந்திருக்கும் இடம். அண்ணியின் குறிப்பு: ‘என் தம்பி மனைவியும் இப்படித்தான், எந்நேரமும் படுத்துக்கொண்டு படிப்பாள். தனக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்று அவளே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்.’

எக்ஸ்ரேக்காரிக்குக் காது வரை சூடேறியது. இரண்டு நாள் கருவியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கூட வேலை பார்ப்பவளிடம் அதை வரி பிசகாமல் சொல்லிச் சிரித்தாள். திட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. அதே அத்தியாயத்தின் முடிவில் இன்னொரு குறிப்பு காத்திருந்தது: ‘கெட்டிக்காரிதான். ஆனால் என்னைக் கண்டதும் ஊமையாகிவிடுகிறாள். நான் என்ன, தேர்வுத்தாளா?’

இதற்கு ஐயாவால் பதில் எழுத முடியவில்லை. பதில் வராததாலோ என்னவோ, வியாழக்கிழமை ஒரு புதிய குறிப்பு வந்தது. ‘ஐயா, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலகத்துக்கு எதிரிலுள்ள காபிக் கடையில் இருப்பேன். நீலக் குடை.’

எக்ஸ்ரேக்காரி அதை மூன்று முறை படித்தாள். வேறு வழியில்லாமல் கணவனிடம் சொன்னாள்.

“அக்காவா? யாரோ ஒரு ஆம்பளையப் பாக்கப் போறாளா?”

“அந்த ஆம்பளை நான்தாங்க.”

அவன் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தான். முழுக் கதையையும் கேட்டபின் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். அவள் முறைத்ததும் யோசனை சொன்னான். “ஐயா செத்துட்டார்னு எழுதிடு.”

“யாரு எழுதறது? செத்தவரா?”

“அப்ப வெளிநாடு போயிட்டார்னு...”

“உங்க அக்கா தனியா உக்காந்து வாசலையே பாத்துட்டு இருப்பாங்க. என்னால முடியாது. நான் போறேன்.”

அதைச் சொன்னபோதுதான், தான் செய்த விளையாட்டு எங்கே போய் நின்றிருக்கிறது என்று அவளுக்கே உறைத்தது. ஐம்பத்து நான்கு வயதில் ஒருத்தி, முகம் தெரியாத ஒருவருக்காகக் குடையின் நிறத்தைச் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாளும் மாடிப்படியில் காலடி கேட்கும்போதெல்லாம் சமையலறைக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

சனிக்கிழமை நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது காபிக் கடைக்குள் நுழைந்தாள். மூலை மேசையில் அண்ணி. நாற்காலி முதுகில் நீலக் குடை. மேசையில் இரண்டு காபி, ஏற்கெனவே வந்து ஆறிக்கொண்டிருந்தன. எக்ஸ்ரேக்காரி எதிரே போய் நின்று, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைத் தொடங்கினாள்.

“அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்...”

“வாங்க ஐயா, உக்காருங்க,” என்றாள் அண்ணி.

எக்ஸ்ரேக்காரி பொத்தென்று உட்கார்ந்தாள். “எப்பத்துலேருந்து தெரியும்?”

“புத்தகமெல்லாம் டேப்லெட்காரன் இலவசமா அனுப்பறான்னுதான் மொதல்ல நெனச்சேன். நீ எழுத ஆரம்பிச்ச ஒரு வாரத்துல தெரிஞ்சுபோச்சு. பேர் எழுதாத விடைத்தாளையே யாரோடதுன்னு சொல்றவ நான். எதுக்கெடுத்தாலும் ‘ஆனாலும்’னு ஆரம்பிப்ப, முடிவுல ரெண்டு புள்ளி வைப்ப. தம்பிக்கு நீ அனுப்பற மெசேஜ் அப்படித்தானே இருக்கு.”

“அதெல்லாம் உங்களுக்குக் காட்டறாரா?”

“சண்டை வந்தா காட்டுவான். நான் உன் பக்கம்தான் பேசுவேன், கவலைப்படாத.”

எக்ஸ்ரேக்காரி காபியை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். “அப்ப அந்த முதுகெலும்பு?”

“உனக்குத்தான் எழுதினேன். நேர்ல சொன்னா அழுவ.”

“அழமாட்டேன்.”

“என்ன செய்வ? சமையலறைக்குள்ள போயிடுவ. இந்த ரெண்டு நாளா போன மாதிரி.”

எக்ஸ்ரேக்காரிக்கு ரோஷம் வந்தது. கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள். “அந்த முதல் புத்தகத்துல நூத்தெண்பதாம் பக்கம் மூணு ஒற்றுப்பிழை இருக்கு அண்ணி. மூணையும் விட்டுட்டீங்க.”

அண்ணி கோப்பையைத் தூக்கினாள். அது முகத்தை மறைக்கும்படி ரொம்ப நேரம் குடித்தாள். “அந்தப் பக்கத்துல நான் கண்ணாடி போடல,” என்றாள்.

அதற்குமேல் இருவராலும் அடக்க முடியவில்லை. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பிறகு நிலைமை சரியாகவில்லை, இன்னும் மோசமாயிற்று. ஐயா போய்விட்டார். எதிரில் இருப்பது இன்னார் என்று தெரிந்தபின் எழுத இருவருக்கும் கை வரவில்லை. புத்தகங்கள் குறிப்பே இல்லாமல் வெறிச்சென்று கிடந்தன. மேசையில் மறுபடியும் உப்பும் மூடியும்தான். இப்படி மூன்று வாரம். அப்புறம் ஒருநாள் அண்ணி டேப்லெட்டோடு இறங்கி வந்தாள்.

“நீ கொலை கொலையா வாங்கற. இந்தத் தடவை நான் எடுத்திருக்கேன். தரமான புத்தகம். படிச்சுட்டு எழுது. எழுதலைன்னா நானே கேக்க வருவேன்.”

தரமான புத்தகம் தொள்ளாயிரம் பக்கம். முதல் பக்கத்தில் ஒரு மலை, மலைமேல் மூடுபனி. ஐந்தாம் பக்கத்தில் எக்ஸ்ரேக்காரி எழுதினாள்: ‘மூடுபனி நன்றாக இருக்கிறது.’ பதினோராம் பக்கத்தில்: ‘மூடுபனி இன்னும் இருக்கிறது.’ பத்தொன்பதில்: ‘மனிதர்கள் யாராவது வருவார்களா அண்ணி?’ இருபத்தேழில் அண்ணியின் பதில்: ‘பொறுமை. ஓர் ஆடு வருகிறது.’

தோள்பட்டை முறிந்த ஒருவரைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு வந்து எக்ஸ்ரேக்காரி முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தாள். அங்கே ஒரு குறிப்பு இருந்தது: ‘நிறுத்திவிடலாமா?’ அண்ணி எடுத்த புத்தகத்தை முடிக்காமல் வைத்ததாகச் சரித்திரமே இல்லை. கையுறையை உருவிவிட்டு உடனே பதில் அடித்தாள்: ‘நிறுத்திவிடலாம்.’

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணி நேராகக் கீழ்வீட்டுக்கு வந்தாள். கைப்பையைக்கூடக் கழற்றாமல் எக்ஸ்ரேக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். எக்ஸ்ரேக்காரி அந்தப் புத்தகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். ‘நீக்கவா?’ என்று கேட்டது கருவி.

“எழுதினவருக்குத் தெரிஞ்சுடுமா?” என்றாள் அண்ணி, தாழ்ந்த குரலில்.

“தெரியாது அண்ணி.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

அண்ணி ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“அழி,” என்றாள்.